அரிசி மூட்டையும் வட்டமேசையும்: கோலாலம்பூர் கொள்கை ஆய்வு நிறுவனங்களுக்குள் நுழைய ஒரு வழி

"அண்ணே, இந்தத் திங்க் டேங்க் எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்களச் சேர்ப்பாங்களா?"

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்கும்போது ஒரு தம்பி கேட்டான். அனைத்துலக உறவு படிக்கிறான், இறுதியாண்டு. கோலாலம்பூரிலேயே மூன்று வருடம் இருந்தும் அப்படி ஓர் இடத்தின் வாசலை மிதித்ததில்லை. சேர்ப்பார்கள் என்றேன். எப்படி நுழைவது என்று கேட்டான். அதற்கு ஒரு தே தாரிக் போதாது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் அந்த உலகத்தில் ஆய்வு உதவியாளனாக இருந்தவன். திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அவ்வளவு வாங்க வேண்டாம்.

முதலில் யார் வீடு என்று பாருங்கள்

எல்லா இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும்: கண்ணாடிக் கதவு, பதாகை, மேசை மேல் தண்ணீர் போத்தல். யார் தொடங்கினார்கள், யார் பணம் தருகிறார்கள், எழுதுவதை யார் படிக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

வெளியுறவு என்றால் கோலாலம்பூரில் முதலில் சொல்லப்படும் பெயர் ஐசிஸ் மலேசியா, அதாவது வியூக, அனைத்துலக ஆய்வுக் கழகம். அரசாங்கம் 1983இல் தொடங்கியது, தன்னாட்சியோடு இயங்குவது. பெர்சியாரான் சுல்தான் சலாவுடினில், தாமான் துகு காட்டுப் பூங்கா இருக்கும் அதே சாலையில் இருக்கிறது. தொடக்க காலத்திலிருந்து அதை நடத்தியவர் நூர்டின் சொப்பியி. பத்திரிகை ஆசிரியராக இருந்து ஆய்வுக்கு வந்தவர். (பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். "ஐசிஸ்ல ஒரு கருத்தரங்கு, போயிட்டு வர்றேன்" என்று நான் சொன்ன அன்று என் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெயரை இவர்கள் 1983லேயே வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் பிறகு வந்தவர்கள்.)

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐடியாஸ் 2010இல் தொடங்கிய தனியார் அமைப்பு. சந்தைப் பொருளாதாரம், நிறுவனச் சீர்திருத்தம் ஆகியவற்றில் அதற்கு உறுதியான நிலைப்பாடு உண்டு. கசானா ஆய்வுக் கழகம் பெரும்பாலும் உள்நாட்டு வாழ்க்கையை ஆராய்வது: வீடு, சம்பளம், உணவு. கடல் விவகாரத்துக்கு மீமா என்ற கழகம். ஐ.டி.எஃப்.ஆர். வெளியுறவு அமைச்சின் பயிற்சிக் கழகம். அரசதந்திரிகளுக்குப் பாடம் நடத்தும் இடம். அங்கே போய் 'ஆய்வாளர் வேலை இருக்கிறதா' என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். அரசதந்திரியாக வேண்டும் என்றால் நிர்வாக, அரசதந்திர அதிகாரிகளுக்கான பி.டி.டி. தேர்வு எழுத வேண்டும். அது தனிப் பாதை.

பினாங்குக்காரர்களுக்கு பினாங்கு இன்ஸ்டிடியூட் இருக்கிறது. 1997இல் செரி என்ற பெயரில் தொடங்கி 2011இல் இப்போதைய பெயருக்கு மாறியது. மாநில அரசின் ஆய்வு நிறுவனம் என்பதால் மாநிலப் பிரச்சினைதான் அங்கே அதிகம். ஆனால் பினாங்கில் மாநிலப் பிரச்சினையும் உலகப் பிரச்சினையும் எங்கே பிரிகின்றன? 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து அந்தக் கோடு அழிந்துவிட்டது. அங்கே இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சென்பிரிஸ் என்ற மையமும் உண்டு. கொள்கை ஆய்வும் அனைத்துலக ஆய்வும் அதன் பெயரிலேயே இருக்கின்றன.

யார் பணம் தருகிறார்கள் என்று பார்ப்பது குற்றம் கண்டுபிடிக்க இல்லை. உங்கள் எழுத்து யாருடைய மேசைக்குப் போகும் என்று தெரிந்துகொள்ளத்தான். அரசாங்கம் தொடங்கிய இடம் என்றால் அமைச்சுக்குள் கதவு திறந்திருக்கும், ஆனால் தொனியில் ஒரு பதவிசு எதிர்பார்ப்பார்கள். தனியார் அமைப்பு என்றால் சத்தமாகப் பேசலாம், ஆனால் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவர்கள் எழுதுவதை யாராவது கேட்கிறார்களா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. சில நேரம் கேட்கிறார்கள். தென்கிழக்காசிய வட்டாரத்தின் ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து 1988இல் ஆசியான்-ஐசிஸ் என்ற வலையமைப்பை உருவாக்கின. பாதுகாப்பு விவகாரங்களை ஆசியான் தன் பங்காளி நாடுகளோடு உட்கார்ந்து பேச ஒரு மேடை வேண்டும் என்று 1991இல் அது பரிந்துரை செய்தது. 1994இல் பாங்காக்கில் ஆசியான் வட்டார மன்றம் முதன்முறையாகக் கூடியது. அவர்களால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த யோசனைக்கு அவர்கள் பங்கு பெரிது.

அமைச்சர்களும் அதிகாரிகளும் அதிகாரபூர்வமாகப் பேசுவதை முதல் தடம் என்பார்கள். ஆய்வாளர்கள் பேசுவது இரண்டாம் தடம். அதிகாரிகள் 'சொந்தக் கருத்து' என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு ஆய்வாளர்களோடு உட்கார்ந்தால் ஒன்றரைத் தடம். பெயர் வேடிக்கைதான், ஆனால் முதல் தடத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை இந்த ஒன்றரையில்தான் சொல்லிப் பார்ப்பார்கள். 1987லிருந்து நடக்கும் ஆசிய பசிபிக் வட்டமேசை மாநாடு இந்த வகை உரையாடலுக்குப் பேர்போனது.

ஒரு முடிச்சைப் பிடியுங்கள், அதுவும் உங்கள் வீட்டிலிருந்து

நேர்முகத்தில் "எந்தத் துறையில் ஆர்வம்?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "அமெரிக்கா-சீனா போட்டி" என்பார்கள். தவறில்லை. ஆனால் அதைப் பற்றி வாஷிங்டனிலும் பெய்ஜிங்கிலும் ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். கோலாலம்பூர் செந்தூலில் உட்கார்ந்து நீங்கள் புதிதாக என்ன சொல்லப்போகிறீர்கள்?

உங்கள் வீட்டையும் உலக அரசியலையும் கட்டும் ஒரு முடிச்சு வேண்டும். எனக்குக் கிடைத்த முடிச்சு அரிசி. 2023 செப்டம்பரில் அம்மா செந்தூலில் வழக்கமான கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். கிலோ 2 ரிங்கிட் 60 சென் கட்டுப்பாட்டு விலையில் விற்கும் உள்ளூர் வெள்ளை அரிசி கடையில் இல்லை. இறக்குமதி அரிசி இருந்தது, விலை ஏறியிருந்தது. காரணத்தைத் தேடினேன். ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது. உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவுடையது. செப்டம்பர் 1 முதல், நாட்டின் அரிசி இறக்குமதியைக் கையில் வைத்திருக்கும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200க்கு உயர்த்தியது. உடனே எல்லாரும் உள்ளூர் அரிசிக்குத் தாவினார்கள். அது அலமாரியிலிருந்து மறைந்தது. டில்லியில் போட்ட ஒரு கையெழுத்து 43 நாளில் எங்கள் பானைக்கு வந்துவிட்டது.

அவரவருக்கு ஒரு முடிச்சு இருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவரா? 2019 செப்டம்பரில் ஐ.நா. சபையில் காஷ்மீர் பற்றி அப்போதைய பிரதமர் மகாதீர் பேசியதும், 2020 ஜனவரி 8 அன்று சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டதும் உங்களுக்கு வெறும் செய்தியாக இருந்திருக்காது. அப்பா பாயான் லெப்பாஸ் ஆலையில் ஷிஃப்ட் வேலையா? 2025 ஏப்ரலில் அமெரிக்கா மலேசியாவுக்கு 24 விழுக்காடு வரி என்று அறிவித்து, ஜூலையில் 25 என்று கடிதம் அனுப்பி, ஆகஸ்டில் 19இல் நிறுத்தியபோது அந்த ஆலையின் உணவகத்தில் என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தகவல் எந்த ஆய்விதழிலும் கிடைக்காது.

படிப்பது: கட்டுரையை விட்டுவிட்டு மூலத்துக்குப் போங்கள்

அறிவிப்பாணை, ஒப்பந்தம், நாடாளுமன்ற அறிக்கை, புள்ளிவிவரம் என்று நான்கு வகை மூலம் போதும். நாடாளுமன்றத்தில் பேசியது ஹன்சார்ட்டில் மலாயில் அப்படியே இருக்கிறது. 'பெராஸ்' (அரிசி) என்று தேடினால் எந்த எம்.பி. எப்போது என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொல்லி நழுவினார் எல்லாம் வரும். நாட்டுக் கணக்குக்குப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம். எந்த நாடு யாருக்கு எவ்வளவு விற்றது என்பதற்கு ஐ.நா.வின் காம்டிரேட். எல்லாம் இலவசம்.

மலாயைத் தள்ளி வைக்காதீர்கள். கருத்தரங்கு ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் அமைச்சுகள் இருக்கும் புத்ராஜெயாவில் கோப்பு மலாயில்தான் நகரும். பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்த மலாய் போதும் என்று நினைத்திருந்தேன். போதவில்லை.

கூட்டத்துக்குப் போங்கள்

பொதுமக்களுக்கான உரைகளுக்குப் பெரும்பாலும் பெயர் பதிந்தால் போதும். இந்த நிறுவனங்களின் அறிவிப்புகளைப் பின்தொடர்ந்து, முதல் அறிவிப்பு வந்த நாளே பதிந்துவிடுங்கள். பாத்தேக் சட்டை போதுமானது, கோட்டு தேவையில்லை. மேட்டுப் பாதையில் வியர்க்க நடக்காமல் கிராப் கார் பிடியுங்கள். அரை மணி நேரம் முன்பே போங்கள். பதிவு மேசையில் இருப்பவர்கள்தான் அந்த இடத்தின் இளைய ஆய்வாளர்கள். அவர்களுக்கு அப்போது பேச நேரம் இருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் இருக்காது.

தேநீர் இடைவேளையில் தமிழ் முகம் உங்களுடையது மட்டுமாக இருக்கலாம். எனக்கு முதல் மூன்று கூட்டத்திலும் அப்படித்தான். கூய் (மலாய்ப் பலகாரம்) தட்டோடு ஓரமாகப் போய் நின்றேன். நான்காவது கூட்டத்தில் ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் அதே ஓரத்துக்கு வந்து, "நீங்களும் கூட்டத்துக்குப் பயந்தா?" என்று கேட்டார். அன்று அவரிடம் கற்றது ஒரு பருவப் பாடத்துக்குச் சமம்.

கேள்வி நேரத்தில் எழுந்தால் பெயர், படிக்கும் இடம், பிறகு ஒரே ஒரு கேள்வி. நம் ஆட்களுக்குப் பட்டிமன்றப் பழக்கம் உண்டு, முன்னுரை நீண்டுவிடும். 'அரிசி விஷயத்தில் நாம் என்ன செய்யலாம்?' என்று கேட்டால் பேச்சாளர் பொதுவாக எதையாவது சொல்லி உட்கார்ந்துவிடுவார். 'தடை போட்ட முதல் மாதத்தில் டில்லியோடு பேச வேண்டியது விவசாய அமைச்சா, விஸ்மா புத்ராவா (வெளியுறவு அமைச்சா)?' என்று கேட்டால் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்களைப் பார்ப்பார்.

இரண்டு பக்கம் எழுதுங்கள்

இதுதான் முக்கியம். ரெசூமே எல்லாரிடமும் இருக்கிறது. நல்ல கொள்கைக் குறிப்பு ஒன்று, இரண்டே பக்கம், கையில் வைத்திருப்பவர் மிகக் குறைவு.

என் முதல் குறிப்பை நான் பெருமையாக நீட்டினேன். கடைசி வரி: 'அரசாங்கம் உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்.' எங்கள் பிரிவுத் தலைவி சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றிவிட்டு ஓரத்தில் எழுதினார்: 'எந்த அமைச்சு? எந்த மாடி?' அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாவற்றுக்கும் அந்தக் கேள்வியே அளவுகோல்.

அரிசிக் குறிப்பை இப்படிக் கட்டினேன். நீங்கள் உங்கள் முடிச்சை வைத்துக் கட்டுங்கள்.

முதல் பத்தியில் கேள்வி: இந்தியா மறுபடியும் கதவைச் சாத்தினால் மலேசியாவுக்கு எத்தனை நாள் இருக்கிறது? வரலாற்றுச் சுருக்கம் வேண்டாம்; அதிகாரிக்கு அது தெரியும்.

அடுத்து, நடந்ததன் நாள்கணக்கு. ஜூலை 20 தடை. அந்தத் தடை அறிவிப்பிலேயே ஒரு சந்து இருந்தது: இன்னொரு நாட்டு அரசாங்கம் உணவுப் பாதுகாப்புக்காகக் கேட்டால் இந்தியா அனுமதிக்கலாம். அக்டோபர் 18 அன்று மலேசியாவுக்கு 1,70,000 டன் அனுமதி வந்தது. இடையில் 90 நாள். மறு ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் அன்வார் டில்லி போனபோது இன்னும் 2,00,000 டன் ஒதுக்கீடு கிடைத்தது. ஆக, கேட்டால் கிடைக்கிறது. விலை ஏறியது 43ஆம் நாள், அனுமதி வந்தது 90ஆம் நாள். குறிப்பின் உயிர் அந்த 47 நாள் இடைவெளியில்தான் இருந்தது.

மூன்றாவது, வட்டாரத்தில் கைகொடுக்க யார் இருக்கிறார்கள்? ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும் சேர்ந்து 2011இல் கையெழுத்திட்ட அவசர அரிசிக் கையிருப்பு ஒப்பந்தம் உண்டு, பெயர் ஆப்டர். மொத்தம் 7,87,000 டன். அதில் சீனா 3 லட்சம், ஜப்பான் 2.5 லட்சம், கொரியா 1.5 லட்சம். அதில் கையெழுத்திட்ட பத்து ஆசியான் நாடுகளும் சேர்த்து 87,000 டன்தான். மலேசியாவின் பங்கு 6,000. நாம் ஆண்டுக்குத் தின்பது ஏறத்தாழ 25 லட்சம் டன். வகுத்துப் பாருங்கள்: ஆசியான் பங்கு முழுவதையும் நமக்கே கொடுத்தாலும் இரண்டு வாரம் தாங்காது. நம் 6,000 டன் ஒரு நாள் சோற்றுக்குப் பற்றாது. தவிர, உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

இந்த வகுத்தல் கணக்கை நான் கைப்பேசியில்தான் போட்டேன். ஆனால் குறிப்பைப் படித்தவர்கள் நினைவில் வைத்திருந்தது அதை மட்டும்தான். பெரிய எண்ணை அப்படியே விடாதீர்கள். நாளாக, மூட்டையாக, தட்டாக மாற்றுங்கள்.

கடைசியில் பரிந்துரை. இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றிலும் யார், எப்போது, எதை. 'விலை ஏறும்வரை காத்திராமல் தடை அறிவித்த முதல் வாரத்திலேயே கோரிக்கைக் கடிதம் போக வேண்டும். வரைவு விவசாய, உணவு உத்தரவாத அமைச்சில் தயாராக இருக்க வேண்டும். கொண்டுபோய்ச் சேர்ப்பது விஸ்மா புத்ரா.' இப்படி.

விண்ணப்பம்

இன்டர்ன்ஷிப்புக்கு மின்னஞ்சல் எழுதும்போது அந்த நிறுவனம் அண்மையில் வெளியிட்ட ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டு, அதில் நீங்கள் ஏற்காத ஓர் இடத்தை மரியாதையாக ஒரு வரியில் சொல்லுங்கள். இரண்டு பக்கக் குறிப்பை இணையுங்கள். தமிழ் தெரியும் என்று எழுதுங்கள், படிக்கவும் எழுதவும் என்று சேர்த்து. நான் முதலில் அதை விட்டுவிட்டேன், என்ன பயன் என்று நினைத்து. சென்னைப் பத்திரிகையும் யாழ்ப்பாணப் பத்திரிகையும் மூலமொழியில் படிக்கக்கூடியவர் அந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அலவன்ஸ் எவ்வளவு என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். கோலாலம்பூரில் அறை வாடகை யாரும் இலவசமாகத் தருவதில்லை.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

உள்ளே போன பிறகு

முதல் மாதம் நாற்காலி அடுக்குவீர்கள், பெயர்ப் பலகை வைப்பீர்கள், குறிப்பு எடுப்பீர்கள். குறிப்பு எடுப்பதை இளக்காரமாக நினைக்காதீர்கள். அங்கேதான் நான் சறுக்கினேன்.

சாதம் ஹவுஸ் விதி என்று ஒன்று உண்டு. லண்டனில் 1920இல் தொடங்கிய வெளியுறவு ஆய்வுக் கழகத்தின் கட்டடப் பெயர் அது. விதி 1927இல் வந்தது. கூட்டத்தில் கேட்டதை நீங்கள் பயன்படுத்தலாம். சொன்னவர் யார், கூட வந்திருந்தவர்கள் யார், எந்த அமைப்பு என்று அடையாளம் தெரியும்படி வெளியே சொல்லக்கூடாது. அவ்வளவுதான் விதி. நான் பணிபுரிந்த இடத்தில் ஒரு மூடிய கூட்டம் முடிந்த மதியம், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'இன்று ஒரு தூதரக அதிகாரி...' என்று ஆரம்பித்து நாட்டையும் சேர்த்து எழுதிவிட்டேன். ஏழு பேர் கொண்ட குழு. மாலைக்குள் அது எங்கள் பிரிவுத் தலைவியின் கைப்பேசிக்கே வந்துவிட்டது. அவர் கத்தவில்லை. "அடுத்த முறை அவர் வரமாட்டார். வந்தாலும் வானிலை பற்றித்தான் பேசுவார்" என்றார். இரண்டு மாதம் எனக்குக் கூட்ட அறைக்குள் இடமில்லை. வெளியே பதிவு மேசைதான்.

ஆகவே குறிப்பில் பெயர் எழுதாமல் பழகுங்கள். 'அதிகாரி அ', 'ஆய்வாளர் ஆ' என்று எழுதுங்கள். அந்தத் தாளை எல்.ஆர்.டி. ரயிலில் விட்டாலும் பாதகமில்லாதபடி இருக்க வேண்டும்.

தமிழில் ஒரு பிரதி

வெளியிட அனுமதி உள்ள குறிப்பு எதுவானாலும் அதைத் தமிழிலும் எழுதுங்கள். நிறுவனம் கேட்காது, நீங்களாகச் செய்ய வேண்டியது. 'இறக்குமதிச் சார்பு', 'வழங்கல் சங்கிலி' என்று அகராதித் தமிழில் எழுதி ஒரு முறை, கடையில் பேசுவதுபோல் எழுதி இன்னொரு முறை. இரண்டாவதில் தடுமாறும் இடம் எதுவோ, அது உங்களுக்கே புரியாத இடம்.

என் அரிசிக் குறிப்பின் தமிழ்ப் பிரதியை அம்மா முழுவதும் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "டில்லி இருக்கு, பெர்னாஸ் இருக்கு. கடைக்காரர் யார்கிட்ட மூட்டை எடுக்கிறாரோ அந்த ஆளைக் காணோமே?" என்றார். மொத்த வியாபாரி. என் இரண்டு பக்கத்தில் அவர் எங்குமே இல்லை. ஆங்கிலத்தில் படித்த யாரும் அதைக் கேட்கவும் இல்லை. மறுநாள் சீக்கிரமே அலுவலகம் போய்க் கோப்பைத் திறந்தேன்.